சில்வர் கவருக்குள் ஒரு காது

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி மெஷின்களுக்குள் போகிற எலக்ட்ரானிக் போர்டுகளைப் பேக்கிங் செய்யும் பிரிவில் எனக்குச் செக்கிங் வேலை. போர்டு உடையாமல் இருக்கத் தெர்மாகோல் வைத்தால் போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். (எங்கள் கம்பெனியில் இதை வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்கே கேட் வரை வந்து வழியனுப்புவார்கள்.) தெர்மாகோல், மளிகைக்கடை பிளாஸ்டிக் கவர், நைலான் துணி எல்லாம் எங்கள் பரம விரோதிகள். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதல்லவா, அந்த நிலைமின்சாரம் இவற்றில் சுலபமாகச் சேரும். அது நம் விரலிலிருந்து போர்டுக்குத் தாவினால் நமக்கு உறைக்கக்கூடச் செய்யாது. உள்ளே சிப் செத்துப்போகும்.

"முழுசா செத்தா இங்கயே மாட்டிக்கும். பாதி செத்துதுன்னு வையி, அதான் பேஜாரு. எவனோ ஒருத்தன் உசுருக்கு இழுத்துக்கினு கீற நேரத்துல மெஷின் நின்னுக்கும்" என்பார் சூப்பர்வைசர்.

அதனால் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதிலிருந்து போகும் ஒயரை எர்த்தில் மாட்டி, ரப்பர் பாய் விரித்த மேஜையில்தான் போர்டைத் தொடுவோம். மேஜையை விட்டு நகர்கிறது என்றால் அது சில்வர் கவருக்குள் போய்விட வேண்டும். சில்வர் கவர் நிலைமின்சாரத்தை உள்ளே விடாது. இந்த விதியை மற்ற பெண்கள் ஷிப்ட் முடிந்ததும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மகள் தாரிணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஒன்று. அதிலிருந்து ஒரு வட்டக் காந்தம் தலையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்குச் சத்தம். தையல் ஆறியபின் அந்த மெஷினைப் போட்டுவிட்ட மேடம், எத்தனையோ நல்ல வார்த்தைகள் சொன்னார். கூடவே போகிற போக்கில், "பிளாஸ்டிக் சறுக்குமரம் ஏறும்போது மட்டும் கழட்டிடுங்கம்மா, ஸ்டாட்டிக் வரும்" என்றார். எங்கள் கம்பெனியின் அதே நிலைமின்சாரம்.

மற்ற எல்லா வார்த்தையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. அந்த ஒன்று மட்டும் ராயபுரம் வரை என்னோடு ஆட்டோவில் வந்தது.

மறுநாளே கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, கழித்துப்போட்ட ரப்பர் பாய், மணிக்கட்டுப் பட்டை, ஒரு சில்வர் கவர் மூன்றையும் வாங்கி வந்தேன். ஜன்னலோரம் பாயை விரித்தேன். பட்டையை என் மணிக்கட்டில் கட்டி, அதன் ஒயரை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பாப்பாவுக்குக் காது உண்டு. பாயை விட்டுத் தவழ்ந்தால் மெஷினைக் கழற்றிச் சில்வர் கவருக்குள் போட்டு வாயை மடித்து ஒட்டிவிடுவேன். (தவழ்கிற வயதில் ஒரு குழந்தை எவ்வளவு நேரம் பாயில் இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.) அவளைத் தூக்க வருகிறவர்கள் முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டு வர வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னா பொண்ணே, ஆட்ட கட்டிப்போட்டா மாரி உன்னிய நீயே கட்டிக்கினு கீற?" என்றார் அத்தை, அதாவது மாமியார்.

"பாப்பா மெஷினுக்கு ஷாக் அடிச்சிடும் அத்தை. அந்தச் சேலை பாலியஸ்டர். தள்ளி நில்லுங்க."

"நாப்பது வருசமா நான் பாலிஸ்டர்தான் கட்டிக்கினு கீறேன். எந்தக் கொயந்தைக்கு ஷாக்கு அட்ச்சிது?"

என் கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அவர் விஞ்ஞானமாகவே பேசிப் பார்த்தார். "சுதா, இது ராயபுரம். டப்பால வச்ச உப்பே தண்ணியா ஓடுது. இந்த ஈரக் காத்துல எங்கேந்து வரும் உன் ஸ்டாட்டிக்கு?"

அவர் சொன்னது சரி. காற்று ஈரமாக இருந்தால் அது அவ்வளவாகச் சேராது என்று எனக்கும் தெரியும். கம்பெனி டிரெய்னிங்கில் சொன்னதுதான். ஆனால் அந்தக் காதுக்காக நாங்கள் ஏறி இறங்காத படியில்லை. பாதி செத்துப்போனால்?

இதெல்லாம் நடந்தபோது என் மாமனார் வீட்டில் இல்லை. பாப்பாவுக்கு மெஷின் போடுவதற்கு முன்பே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மாமா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரலைக் கேட்டால் ஐஸ் வண்டிக்காரர்கள் வழிவிடுவார்கள். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும் என்றார்கள்.

"கூவிக் கூவித் தேஞ்சிட்ச்சிம்மா. கயட்டிப் போட்டுட வேண்டியதான்" என்று என்னிடம் சிரித்தார். கம்மிப்போய்விட்டாலும் குரல் அப்போது இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆபரேஷனுக்கு முன்னால் பேத்தி தன் குரலை ஒரு தரம் கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் ஆபரேஷன். சாயந்தரம் பார்வையாளர் நேரத்துக்கு எல்லோரும் போனோம். மாமா காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லையாம்.

"நான் இன்னா கேட்டாலும் தலையத்தான் ஆட்டுறாரு. பேத்திக்கு எட்த்து வச்சிக்கினு கீறாராம்" என்றார் பகலெல்லாம் கூட இருந்த அத்தை.

மெஷின் என் கைப்பையில், சில்வர் கவரில், பத்திரமாக இருந்தது. வார்டுக்குள் நுழைந்தோம். உள்ளே ஏசி. உதடு காய்கிற அளவுக்கு வறண்ட காற்று. மாமா போர்த்தியிருந்ததோ பாலியஸ்டர் போர்வை, இழுத்தால் சடசடவென்றது. சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். ராயபுரத்தில் நான் தேடித்தேடிக் கிடைக்காத ஸ்டாட்டிக் மொத்தமும் இங்கேதான் குடித்தனம் செய்வதாகத் தோன்றியது.

பட்டையை எடுத்து மணிக்கட்டில் கட்டினேன். ஒயரைக் கட்டிலில் மாட்டப் போனேன். கட்டிலுக்கு ரப்பர் சக்கரம், எர்த் ஆகாது. ஜன்னல் கம்பிக்கு ஓடினேன். அதில் பச்சைப் பெயிண்ட் சப்பாத்தி கனத்துக்கு அப்பியிருந்தது. பெயிண்ட்டுக்கு மேல் மாட்டினால் பிரயோஜனம் இல்லை. (இந்த இடத்தில் ஒரு சாதாரண தாய் மெஷினைக் குழந்தைக்கு மாட்டியிருப்பாள்.) நான் பீரோ சாவியை எடுத்துப் பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"ஏம்மா! இன்னாம்மா பண்ற? கம்பிய அறுக்குறியா?" நர்ஸம்மா ஓடிவந்தார்.

"இல்ல சிஸ்டர், எர்த் வேணும். ஒரே நிமிஷம்."

"எர்த்தா? டைம் முடியப் போவுது, எல்லாரும் கெளம்புங்க!"

அந்த அதட்டலைக் கேட்டு மாமா அவசரப்பட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டுக் குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என மேடம் சொல்லியிருந்தார். அதன்படி அத்தை பாப்பாவைக் கட்டில் ஓரத்தில், மாமாவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தார். மெஷின் மாட்ட வேண்டிய காது ஜன்னல் பக்கம் இருந்தது; மாமாவுக்குத் தெரியவில்லை. மெஷினை மாட்டிவிட்டுத்தான் நான் ஜன்னலோரம் மல்லுக்கட்டுகிறேன் என்றே நினைத்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.

"ஏஏஏய்! தாரிணி ஒரு தரம்!"

வார்டே திரும்பியது. சலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். நோய் வந்த தொண்டையிலிருந்து அப்படியொரு குரல் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பாப்பா சலைன் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாரிணி ரெண்டு தரம்!"

"மாமா, இருங்க, இருங்க! இன்னும் மாட்டல!" என்று கத்தினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என் ஒரு கையில் சாவி, மறு கையில் ஒட்டிய வாய் ஒட்டியபடியே சில்வர் கவர். அவர் பார்வை கவரிலிருந்து பேத்தியின் வெறுங்காதுக்குப் போய்த் திரும்பியது.

"இன்னும் பாக்கெட்டுலயா கீது?" என்றார். குரல் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

கவரைப் பல்லால் கிழித்தேன். பாய் இல்லை, எர்த் இல்லை. அந்தச் சடசடக்கும் போர்வை மேலேயே குழந்தையை இழுத்து வைத்து, வெறுங்கையால் மெஷினை மாட்டினேன். காந்தம் தலையில் ஒட்டிக்கொண்டது. மாமா மூன்றாவது தரத்துக்கு வாயைத் திறந்தார்.

இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, கட்டில் ஆடுகிற மாதிரி.

பாப்பா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

"திரும்பிட்ச்சி! தாத்தாவப் பாத்துட்ச்சி!" என்று அத்தை கைதட்டினார். நர்ஸம்மாவும் எங்களைத் துரத்த வந்ததை மறந்து சிரித்தார். மாமா கையை உயர்த்தி இரண்டு முறை பேச முயன்றார். காற்று மட்டும்தான் வந்தது. அப்புறம் டாக்டர் வந்து, இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா பிழைத்துக்கொண்டார். மெஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல்லால் கிழித்து, காய்ந்த ஏசியில், பாலியஸ்டர் மேல் வைத்துத் தொட்ட மெஷின் ஜம்மென்று வேலை செய்தது. அடுத்த வாரம் மேடமிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். "அந்த மெஷினுக்குள்ளயே பாதுகாப்பு இருக்கும்மா. அது உங்க கம்பெனில பாக்குற மாதிரி வெறும் போர்டு இல்ல. முழிச்சிருக்கற நேரமெல்லாம் அவ காதுல இருக்கணும். கேட்டாத்தானே மூளை கத்துக்கும்?"

பாயைச் சுருட்டி வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதது எனக்கும் கண்டக்டருக்கும் மட்டும் தெரியும்.

தாரிணி இப்போது எல்.கே.ஜி. போகிறாள். பேசுகிறாள், நிறுத்தத்தான் ஆளில்லை. போன மாதம் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, என் கணவர் பழைய போனிலிருந்து மாமா காசிமேட்டில் ஏலம் விடும் வீடியோ ஒன்றைத் தேடியெடுத்துப் போட்டார். கூடையைக் காலால் நகர்த்திக்கொண்டு மாமா கூவுகிறார். பாப்பா அக்கறையாகப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்றாள்.

"தாத்தாடி."

"இல்ல. தாத்தா இப்பிடிக் கத்த மாட்டாரு."

"பின்ன எப்பிடிக் கூப்புடுவாரு?"

அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, "க்க்கூம்!" என்று இருமிக் காட்டினாள்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "உங்கம்மா கவரு பிரிக்கச் சொல்லோ அதுதாண்டி மிச்சம் இர்ந்துச்சி!" என்று அத்தை, ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். சாவியால் சுரண்டுவதை நடித்தும் காட்டினார். இப்போது யார் வந்தாலும் இந்த இருமல் ஒரு அயிட்டம். நானும் சிரிக்கிறேன்; என்ன செய்ய?

மாமாவும் சிரிக்கிறார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். சிரித்து முடித்ததும், கழுத்தில் போட்டிருக்கும் துளை வழியாக ஒரு தரம் இருமுவார். பாப்பா கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு அவரிடம் ஓடுவாள்.