எழுந்திருக்கத் தெரிந்தவர்

"சார், பாதி எழுத்து வெட்டியாச்சு. இப்பப் போய் தலைவர் நிஜமாவே சொன்னாரான்னு கேக்குறீங்களே?" என்றார் சிலைக் குழுச் செயலாளர்.

"கல்லுல ஏத்துறதுக்கு முன்னாடி கேக்காம, பின்னாடியா கேக்குறது?"

பேசியவர் ஓய்வுபெற்ற நிருபர். பத்திரிகை ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆதாரம்'. தலைவர் சிலைக்குக் கீழே வெட்டும் வரியைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது.

பதவியை விட்ட அன்று தலைவர் சொன்னதாக ஊரே சொல்லும் வரி அது: 'உட்காரத் தெரிந்தால் போதாது, எழுந்திருக்கவும் தெரிய வேண்டும்.' பள்ளிக்கூடச் சுவரில் இருந்தது, சலூன் கண்ணாடியில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஆதாரத்துக்கு மட்டும் அதைக் கேட்ட ஞாபகம் இல்லை. நடுவில் மைக் படுத்துவிட்டது. தன் காதில் விழாதது வேறு யார் காதிலோ விழுந்திருக்கும் என்று இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டார்.

முதலில் தலைவரின் பழைய டிரைவருக்குப் போன் போட்டார்.

"தலைவரா? கார்ல உட்கார்ந்தா எழுப்ப ரெண்டு பேர் வேணும். அவரு இதச் சொல்லிருப்பாரா? எதிர்க்கட்சிக்காரன் யாராவது கிண்டலுக்குச் சொல்லிருப்பான்."

ஆதாரம் விடவில்லை. எதிர்க்கட்சிப் பெரியவரைக் கூப்பிட்டார்.

"எங்க வரிதான் தம்பி. திருடிட்டாங்க. இத்தன நாளா யாருமே கேக்கல பாருங்க," என்று பெரியவர் தழுதழுத்தார். கையோடு அறிக்கையும் விட்டுவிட்டார்.

மதியத்துக்குள் இரண்டு கட்சிக்காரர்களும் ஆதாரத்தின் வீட்டு வாசலில் நின்று ஒருவரையொருவர் முறைத்தார்கள். கல்வெட்டுகிறவர் உளியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

செயலாளர் மறுபடி கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க சார். இல்லன்னா அந்த வரிய அழிச்சிட்டு 'உழைப்பே உயர்வு'ன்னு போட்டுடுவோம்."

நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தேட ஆதாரம் அனுப்பியிருந்த நண்பர் அதற்குள் செய்தி சொன்னார். அந்த வரி முதலில் அச்சானது அந்தக் கூட்டத்தைப் பற்றிய ஒரு செய்தியில். எழுதியது ஆதாரமேதான்.

ஆதாரம் மூலையில் கிடந்த மர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். கூட்டம் முடிந்து ஓடிவந்து, அதில் உட்கார்ந்து, போனில் செய்தியைச் சொல்லச் சொல்ல, ஆபீஸில் டைப்பிஸ்ட் தட்டுவார். அச்சில் வந்ததைத் திரும்பப் படிக்கும் வழக்கம் ஆதாரத்துக்கு இல்லை. பின்னால் மனைவி சாப்பாட்டை இரண்டு தடவை சூடு பண்ணுவாள். எவ்வளவு நல்ல நாட்கள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் உள்ள தலைவர்கள் குரலையெல்லாம் டேப்பில் பிடித்தவர், அவள் குரலைப் பிடித்து வைக்கவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அந்தத் துக்கத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இனி மிச்சம் டைப்பிஸ்ட் ஒருவர்தான். காது நன்றாகக் கேட்கும் கிழவர். போனை எடுத்ததுமே சிரித்தார்.

"என்ன சார், வரி வந்த கதையா?"

"நான் சொல்லலையே. தலைவரும் சொல்லலங்கிறாங்க. அழிக்கச் சொல்லிடவா?"

"ஐயோ, வேணாம் சார். மைக் நின்னுடுச்சுன்னு சொல்லிட்டு நீங்க யோசிச்சிட்டே உட்கார்ந்துட்டீங்க. சாப்பாடு ஆறுதுன்னு அக்கா பின்னாடி நின்னு உங்களத் திட்டினாங்க. தலைவர் பேச்சவிட அது நல்லா இருந்துச்சு, அப்படியே சேர்த்துத் தட்டிட்டேன்."