கிடக்கட்டும் என்று விட்ட புரோகிராம்

குருநகர்,
14.09.1986

அன்புள்ள மருமகன் அடைக்கலநாதனுக்கு,

மாதாவின் தயவால் நானும் உமது மாமி அற்புதராணியும் சுகம். லண்டன் குளிர் உம்மை அதிகம் வாட்டாதிருக்க மன்றாடுகிறோம். இனி விசயத்துக்கு வருகிறேன். எனக்கு அறுபது வயதாகிவிட்டதாம். நாற்பத்தொன்பது நடக்கிறது என்பது உமது அம்மாவுக்குத் தெரியும், கோவில் ஞானஸ்நானப் புத்தகத்துக்கும் தெரியும். எங்கள் கூட்டுத்தாபனத்துக் கொம்பியூட்டருக்கு மட்டும் தெரியாது. மாத முடிவோடு வீட்டுக்குப் போகச் சொல்லி எனக்கு ஓய்வுக் கடிதம் அடித்துத் தந்திருக்கிறது. கொம்பியூட்டர் அறைப் பொறுப்பாளன் என்ற முறையில் அதைக் கிழித்தெடுத்து, உறையில் இட்டு, என்னிடம் ஒப்படைத்தவனும் நான்தான்.

நீர் இங்கே வேலை செய்த காலத்தில் டிஸ்க் பழுதானால் திருத்துவதற்கென்று ஒரு சின்னப் புரோகிராம் வைத்திருந்தீரே, அது இன்னும் மெயின்பிரேமில் கிடக்கிறது. நீர் போனபிறகு புதிய முறை வந்தது. இப்போது யாருடைய விபரக் கோவையைத் திறப்பதென்றாலும் பெயர் கேட்கும், இரகசியச் சொல் கேட்கும், யார் எதை மாற்றினார் என்று எழுதி வைக்கும். பழையது இந்தப் பூட்டுகள் வருவதற்கு முன்பே பிறந்தது. ஒன்றும் கேட்காது, ஒன்றும் எழுதி வைக்காது, நேரே டிஸ்கில் கை வைக்கும். படலைக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு வேலியில் நாய் நுழைகிற பொட்டை அடைக்காமல் விட்ட மாதிரி. மனேச்சர் சிவசுப்பிரமணியம் ஐயாவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். “கிடக்கட்டும் அருட்பிரகாசம், அது என்ன சோறே கேக்குது? ஒருநாளைக்கு உதவும்” என்பார்.

சம்பளப் பகுதிச் சிமியோனுக்கு உதவியது. அவனுடைய மகன் ரொறன்ரோவுக்குக் கூப்பிடுகிறான். இப்போது வேலையை விட்டால் ஓய்வூதியம் இல்லை, அறுபது வரை இருக்கப் பொறுமையும் இல்லை. நான் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பழைய புரோகிராமைத் திறந்து, தன் பிறந்த ஆண்டை அழித்து 1926 என்று அடித்திருக்கிறான். அதில் பெயர் வராது, வெறும் எண்கள்தான் வரும். ஒரு வரி தவறிவிட்டது. பக்கத்து வரி நான். “அண்ணை, நான் என்னை அனுப்பத்தான் பாத்தனான், நீங்கள் போறியள்” என்று என்னிடம் அழுகிறான். வந்து மனேச்சரிடம் சொல் என்றால், “நான் எங்கை தொட்டனான், மெஷினிலை எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ” என்கிறான். பார்த்தேன், இல்லை.

புதிய முறையால் திருத்தப் போனால், ஓய்வு பெற்றவரின் கோவை பூட்டப்பட்டது என்கிறது. ஞானஸ்நானப் பத்திரத்தைக் கொண்டுபோய் மனேச்சரின் மேசையில் வைத்தேன். “சுவாமியார் மனுசன், பிழை விடுவார். மெஷின் விடாது” என்றார். பழைய புரோகிராமால் நானே மாற்றலாமே என்று உமது மாமி கேட்கிறாள். மாற்றினால் எனக்கும் சிமியோனுக்கும் என்ன வித்தியாசம்? சாவி வைத்திருக்கிறவன் பொட்டால் நுழையக்கூடாது. பெண்பிள்ளைகள் இருவரும் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவேன்? எந்த வயதில் என்று கேளாதேயும், களைத்துப் போனேன்.

ஆகவே உமது கொம்பனித் தலைப்புத் தாளில், பழைய புரோகிராமை மெயின்பிரேமில் வைத்திருப்பது ஆபத்து, அதனால் வந்த பிழையைத் திருத்தி உடனே அழிக்கவும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி மனேச்சருக்கு எழுதும். நான் சொன்னால் அருட்பிரகாசம் சொன்னது, லண்டன் முத்திரையோடு வந்தால் நிபுணர் சொன்னது.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போம். மாமி உமக்குப் பனாட்டு அனுப்ப ஆள் தேடுகிறாள். மாதா உம்மைக் காப்பாராக.

அன்பு மாமா,
அருட்பிரகாசம் (நாற்பத்தொன்பது)

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தேன். இன்று மெஷின் இன்னொரு ஓய்வுக் கடிதம் அடித்தது. அது மனேச்சருக்கு. அவருக்கு உண்மையிலேயே அறுபது. மத்தியானம் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். “அருட்பிரகாசம், உந்தப் பழைய புரோகிராம் இன்னும் கிடக்குதோ?”

“கிடக்குது ஐயா.”

“அப்ப முதல்லை உம்மடை வயதைத் திருத்துவம்.”

நான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். இரண்டு பேருடைய வயதையும் திருத்தி முடித்துக் கதவைத் திறந்தால் வாசலில் சிமியோன் நிற்கிறான். லண்டன் கடிதத்தை இப்போது அனுப்ப வேண்டாம் மருமகன். கிடக்கட்டும்.