வற்றக் கூடாத வீக்கம்

சனிக்கிழமை மாலை நாலே கால் மணி. வெளியே தூறல். உள்ளே என் இடது கன்னம் பூசணிப் பிஞ்சின் பருமனை எட்டியிருந்தது. தாடைக்குள் படுத்தவாக்கில் வளர்ந்திருந்த ஞானப்பல்லை முந்தின நாள்தான் அறுத்தெடுத்திருந்தார்கள். ஞானம் வெளியேறிய அதே இடத்தில் ஒரு மகத்தான யோசனை குடியேறியது: நாளை மாலைவரை இந்த வீக்கம் வற்றக் கூடாது!

காரணம், நாளை என் மைத்துனன் வீடு மாற்றுகிறான். அவனிடம் ஓர் இரும்பு பீரோ உண்டு. போன தடவை அதைத் தூக்கியபின் ஒரு வாரம் கேள்விக்குறியைப் போல நடமாடியவன் நான்.

"மெல்லிசுத் துணியில சுத்தி இருபது நிமிஷம் வைக்கணுமாம். கொஞ்சம் விட்டு மறுபடியும். டாக்டர் சொல்லியிருக்கார்" என்று மனைவி ஐஸ் பையை நீட்டினாள்.

அவள் தலை மறைந்ததும் குளியல் துண்டை எட்டாக மடித்துக் கன்னத்துக்கும் பைக்கும் நடுவே வைத்தேன். வடதுருவமே வந்து மோதினாலும் என் கன்னத்துக்குச் சேதி எட்டாது.

"குளிருதாங்க?"

"ம்ம்ம்ம்!" நடுங்கிக் காட்டினேன்.

"பேச முடியலையா?"

முடியாதென்று கையை விரித்தேன். பேச்சும் போனால்தானே நோய்க்கு ஒரு கம்பீரம்!

பையை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். இப்படியே நாலு தடவை. பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

"அத்தான் வரமாட்டார்டா. வாயே திறக்க முடியல, பாவம்."

வெற்றி! உள்ளுக்குள் குதித்தேன்.

"என்னது, புது வீட்ல பீரோவுக்கு இடமில்லையா? இரு, கேக்கறேன். ஏங்க, பீரோவை உங்க ரூம்ல வெச்சுக்கலாமா? அந்தச் சாய்வு நாற்காலிய அவனுக்குக் கொடுத்துட்டா இடம் கச்சிதமா இருக்கும். வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஜன்னலோரச் சாய்வு நாற்காலி! இந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே சிம்மாசனம்! வாயைத் திறந்தேன்.

"அட, பேச்சு வந்துடுச்சா? அப்போ நாளைக்கு நீங்களும்..."

வாயை மூடிக்கொண்டேன். தலையைப் பலமாக ஆட்டி மறுத்தேன்.

"ஆட்டாதீங்க, தையல் பிரிஞ்சுடும்!" இரு கைகளாலும் என் தலையை அணைத்துப் பிடித்தாள். போனைத் தோளில் இடுக்கியபடி, "சம்மதமாம்டா" என்றாள்.

பின்பு துண்டை உருவிக்கொண்டு, சில்லென்ற பையைக் கன்னத்தில் பதித்தாள். "கன்னத்துல இருந்த ஐஸ் கரையணும்ங்க. நாலு தடவையும் கல்லாட்டமே திரும்பி வந்துதே! தூக்கறதுக்கு அவன் ஆள் வெச்சாச்சு. உங்களச் சும்மா உக்காந்து பாத்துக்கத்தான் கூப்பிட்டான்."

மறுநாள் காலை, ஆட்கள் பீரோவை என் அறையில் நிறுத்திவிட்டு நாற்காலியோடு போனார்கள். மனைவி பீரோவில் தன் துணிமணிகளை அடுக்கினாள். மைத்துனன் புது வீட்டுப் பால்கனியில் சாய்ந்தபடி, "சுகமா இருக்கு அத்தான்!" என்று போனில் சொன்னான். நான் மெல்லிசுத் துணியில் ஐஸைச் சுற்றி, கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். உட்கார இடமில்லை.