மூடி அக்காவும் மீன் குழம்புத் தடைச் சட்டமும்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை அலுவலகச் சாப்பாட்டு அறைகளில் அவதிப்பட்டுக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ்கள் எல்லாம் என்றாவது ஒரு சங்கம் ஆரம்பித்தால், அதன் ஆயுட்காலத் தலைவியாக எங்கள் மூடி அக்காவைத் தவிர வேறு யாரையும் தேர்ந்தெடுக்கமாட்டா. எதிர்த்து நிற்பவருக்கு டெபாசிட் கிடைக்காது.

அவருக்கு வேறு பெயர் உண்டு. மாதா மாதம் சம்பளச் சீட்டில் அச்சாகி வரும். அதைத் தவிர அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தியதில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நானும் ‘அக்கா’ என்றே கூப்பிட்டேன். அவர் எதிரே நிற்கும்போது என் ஐம்பது வயதும் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அலுவலகம் தாம்பரம் கிழக்கில், வேளச்சேரி சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்து, எந்த இடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, நோயாளிக்கே திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். முப்பது பேர், ஒரே ஒரு மைக்ரோவேவ். மதியம் ஒன்றேகாலுக்கு முப்பது டப்பாக்களும் அதன் முன்னால் வரிசையில் நிற்கும். பக்கத்தில் டோல்கேட் மாதிரி அக்கா நிற்பார்.

“மூடி எங்க சார்?”

“எதுக்குக்கா? வெறும் ரசம் சாதம்தானே.”

“வெளில இருந்தாதான் சார் அது ரசம். உள்ள போனா ராக்கெட்டு. தெறிச்சா துடைக்கிறது யாரு, உங்க மாமியாரா?”

மூடி இல்லாதவர்களுக்கு அவரே இரவல் கொடுப்பார். அவருடைய கைப்பையில் நான்கைந்து பீங்கான் தட்டுகள், சின்னதும் பெரியதுமாக, பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கிடக்கும். கோவளத்துக்கு அருகே ஒரு கடலோரக் குப்பத்தில் அவர் வீடு. சோழிங்கநல்லூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மேடவாக்கம் வழியாக இன்னொரு பஸ் என்று மாறி அந்தத் தட்டுகள் தினமும் உடையாமல் வந்து சேர்ந்தன. இரண்டு பஸ்ஸிலும் எத்தனை பேர் மிதிபட்டார்கள், இடிபட்டார்கள் என்பது வேறு விஷயம்.

“தட்டை இறுக்கி மூடாதீங்க. ஓரத்துல ஆவி போறதுக்கு வழி வுடுங்க. அதுக்கும் மூச்சு முட்டும்ல?” என்பார், ஏதோ குழந்தையைத் தொட்டிலில் போடுவதைப் போல.

ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வந்தார். எங்களோடு சேர்ந்து சாப்பிடும் பெருந்தன்மையும் அவருக்கு வந்தது. சாம்பார் சாதத்தைத் திறந்தபடியே உள்ளே வைக்கப் போனார். அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“சார், மூடி.”

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். “நீங்க எந்த டிபார்ட்மென்ட்?”

“மொதல்ல மூடி போடுங்க. அப்புறம் சொல்றேன்.”

டைரக்டர் மூடி போட்டார். எந்த டிபார்ட்மென்ட் என்று மறுபடி கேட்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா ஈரத் துணியோடு வருவார். “சூடு அடங்குறதுக்குள்ள துடைச்சா துணியே போதும். காய வுட்டுட்டா கரண்டி வெச்சிச் சுரண்டணும்” என்பது அவருடைய சித்தாந்தம். இது அவருக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை. அவரும் எங்களைப் போல விண்ணப்பம் படிக்கிறவர்தான். “உங்களுக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி?” என்று கேட்டேன். “நான் திங்கிற சாப்பாடு இதுக்குள்ள போவுது சார். உங்க சாப்பாடு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

அந்தப் பழைய மைக்ரோவேவை எங்கள் அட்மின் மேனேஜர்தான் கொன்றார். போனில் பேசிக்கொண்டே எவர்சில்வர் டப்பாவை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டார். உள்ளே மின்னல் வெட்டியது. “சார்! ஊர்ல மழையே இல்ல, உள்ள இடி இடிக்குது!” என்று கத்திக்கொண்டே அக்கா ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினார். மேனேஜர் பிழைத்தார். மைக்ரோவேவ் பிழைக்கவில்லை.

புதியது வந்த நாள், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். அலுவலகத்தில் பூஜை, அதற்கு மேல் நான்கு நாள் விடுமுறை. பூஜைப் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது. எனக்குப் பக்தி அதிகம் என்பதால் அல்ல. தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பவன் நான் என்பதால். கம்ப்யூட்டர், பிரிண்டர், லிப்ட் கதவு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். சுண்டலை வாங்கிக்கொண்டு எல்லாரும் ஊருக்கு பஸ் பிடிக்க ஓடினார்கள். நான் மட்டும் மிச்சம். சாப்பாட்டு அறையில் புது மைக்ரோவேவ் பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்தது.

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுகிறோம். புது மைக்ரோவேவுக்குக் காய்ச்ச வேண்டாமா? என் பீங்கான் கோப்பை நிறையப் பாலை ஊற்றினேன், கோப்பைக்குக் குங்குமம் இட்டேன், மேலே ஒரு சாமந்தி இதழைப் போட்டேன். பொங்குவதுதானே சாஸ்திரம்! மூடி போடவில்லை. கைகூப்பி நின்றேன். பால் கண்ணெதிரே பொங்கி வழிந்தது. மனசு நிறைந்தது. டிஷ்யூவால் கண்ணாடித் தட்டை மேலாகத் துடைத்துவிட்டு, கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, நானும் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான்கு நாள் கழித்துக் காலையில் அட்மின் மேனேஜர் அதைத் திறந்தார். திறந்த வேகத்தைவிட வேகமாக மூடினார்.

“மீன்!” என்றார்.

அலுவலகத்தில் மீன் கொண்டுவருபவர் ஒருவர்தான். அந்த இயந்திரம் வந்த பிறகு அவர் மீனே கொண்டுவந்திருக்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கூடவே வேறு ஒரு சந்தேகமும் லேசாக எட்டிப் பார்த்தது. சந்தேகங்களைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும் பக்குவம் நடுத்தர வயதில்தான் வாய்க்கிறது.

“சார், நீங்க நல்லா எழுதுவீங்களே, ஒரு நோட்டீஸ் போடுங்க” என்றார் மேனேஜர்.

எழுதினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நன்றாகவே எழுதினேன். ‘சக ஊழியர்களின் நலன் கருதி, மீன் உள்ளிட்ட அசைவ உணவுகளை இதில் சூடாக்குதல் தவிர்க்கப்பட வேண்டும்.’ அதைக் கதவில் ஒட்டும்போது பக்கத்துக் குழாயில் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் அது?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மா” என்றேன், செல்லோடேப்பைப் பார்த்தபடி.

ஒன்றேகாலுக்கு அக்கா டப்பாவோடு வந்தார். நோட்டீஸைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். நான் பார்த்த வரையில் அதுவரை அலுவலகத்தில் அளவாக இருந்த அவருடைய கடற்கரைத் தமிழ் அன்றைக்குத்தான் முழுசாக வெளியே வந்தது.

“மீனு இன்னா சார் பாவம் பண்ணிச்சி?”

“மேடம், பர்சனலா எடுத்துக்காதீங்க. ஸ்மெல் வருது. வெஜிடேரியன்ஸ் கஷ்டப்படறாங்க” என்றார் மேனேஜர்.

“எங்கம்மா விடியக்காலைல கூடையத் தூக்கிகினு போறதுக்கு முன்னாடி, எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வெச்சிட்டுத்தான் போவும். அத்த நான் ஆற வுட்டு, மூலைல குந்திகினு, திருட்டுத்தனமா துன்னணுமா? நாளிக்கி இந்த ரூமுக்கே வராதன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டுவீங்க. அத்தையும் சார் நல்லாவே எழுதிக் குடுப்பாரு.”

‘சார்’ நான்தான். நான் தண்ணீர் வடிகட்டியின் சிவப்பு விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“பந்தயம் வெச்சிக்கலாம் சார்,” என்றார் அக்கா. “இத்த இப்போ நான் கிளீன் பண்றேன். பண்ணிட்டு, என் மீன் கொழம்ப இதுலயே சுட வெப்பேன். அப்புறம் நீங்க மூக்க உள்ள வுட்டுப் பாருங்க. மீன் வாசம் அடிச்சிதுன்னா, இந்த ஆபீஸ்ல இருக்கிற வரிக்கும் நானும் தயிர் சாதம். அடிக்கலன்னா நோட்டீஸக் கிழிக்கணும்.”

முப்பது பேர் முன்னால் மேனேஜரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அக்கா நோட்டீஸைக் கிழிபடாமல் உரித்து, நான்காக மடித்து மேசையில் வைத்தார். பூஜையில் மிச்சமான இரண்டு எலுமிச்சம்பழங்கள் கூடையில் கிடந்தன. ஒன்றை நறுக்கி, ஒரு கிண்ணம் தண்ணீரில் பிழிந்து, தோலையும் அதிலேயே போட்டார். ஒரு பல்குத்தும் குச்சியையும் மிதக்கவிட்டார்.

“குச்சி எதுக்குக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“சும்மாத் தண்ணி மட்டும் வெச்சா, கொதிக்காத மாதிரி நடிச்சிட்டு, கை வெச்சா மூஞ்சில சீறும். குச்சி இருந்தா ஒழுங்கா கொதிக்கும்.”

ஐந்து நிமிடம் ஓடியது. மணி அடித்ததும் மேனேஜர் கதவைத் திறக்கப் போனார். “தொடாதீங்க சார்! ஆவி உள்ளயே நிக்கட்டும். அழுக்கு ஊறணும்” என்று அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். மேனேஜரின் கையைத் தட்டிவிட்டதை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மேலும் ஐந்து நிமிடம் முப்பது பேரும் பசியோடு நின்றோம். பிறகு ப்ளக்கைப் பிடுங்கினார், கிண்ணத்தை எடுத்தார், துணியால் ஒரே இழுப்பு. சுவர்கள் பளிச்சென்றன.

“தட்டு அடியில?” என்றார் தமக்குத் தாமே.

எனக்கு வியர்த்தது.

கண்ணாடித் தட்டைத் தூக்கினார். அதன் கீழே தட்டைச் சுற்றவைக்கும் சின்ன உருளை வளையத்தையும் தூக்கினார். அடியில், தரையோடு தரையாக, மஞ்சளாகத் திரிந்து காய்ந்துபோன ஓர் ஏடு. ஓரத்தில் குங்குமச் சிவப்பு. நடுவில் ஒரு சாமந்தி இதழ்.

அக்கா அதை இரண்டு விரலால் எடுத்து மேனேஜரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

“இது இன்னா மீனு சார்? பூ வெச்ச மீனா?”

அறை வெடித்துச் சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. “பாலா இது? யார் பண்ணது? யாரு?” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அக்காவின் கண் அலமாரிக்குப் போனது. அங்கே என் கோப்பை, கழுத்தில் பால் கறையோடும் நெற்றியில் குங்குமத்தோடும், நான்தான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் அங்கிருந்து என்னிடம் வந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“யாரு பண்ணா இன்னா சார்?” என்றார். “பொங்கட்டும்னு நல்ல மனசோடதான் வெச்சிருக்காங்க. மூடி போடல, அவ்ளோதான்.”

கைப்பையிலிருந்து ஆப்ப சோடாப் பொட்டலம் வந்தது. துளித் தண்ணீரில் குழைத்து, கறைமேல் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தார். கறை இருந்த இடம் தெரியவில்லை. தட்டையும் வளையத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டினார். அதற்குப் பிறகுதான் அந்த மீன் குழம்பு, தலைக்கு மேல் ஒரு பீங்கான் தட்டோடு, ராஜநடையில் உள்ளே போனது. வெளியே வந்ததும் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தில் இன்னொரு ஆவி, இன்னொரு துடைப்பு.

“வாங்க சார். மூக்கு.”

மேனேஜர் குனிந்து தலையை உள்ளே விட்டார். நீளமாக மூச்சை இழுத்தார்.

“எலுமிச்சம்பழம்.”

“மீனு?”

“இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது.”

இன்னொரு முறை இழுத்தார். “மீன் இல்ல. ஆனா... லேசா பால் வாசனை இருக்கு.”

“அது அய்யர் வூட்டு வாசம், இவுருங்களுக்குப் புடிக்கும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, மறுபடியும் சிரிப்பு. அக்கா, டிகாக்‌ஷன் இறக்கி உலர்த்தி வைத்திருந்த காபித் தூளை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்தார். “ஆபீஸ் வுட்டுப் போம்போது இத்த உள்ள வெச்சிக் கதவ மூடிடுங்க. காலைல அதுவும் இருக்காது” என்றார். பிறகு நடு மேசையில், எல்லாருக்கும் நடுவில், உட்கார்ந்தார். நான்காக மடித்த என் நோட்டீஸைப் பிரித்துப் பக்கத்தில் விரித்தார்.

“முள்ளு வெக்க நல்ல பேப்பரு சார்” என்றார் என்னிடம். “திக்கா இருக்குது.”

‘தவிர்க்கப்பட வேண்டும்’ என்ற இடத்தில் முதல் முள் விழுந்தது. என் எழுத்துக்கு அவ்வளவு உபயோகமான முடிவு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை என் மேசையில் என் கோப்பை இருந்தது. கறை இல்லை, வாங்கிய நாளில்கூட அப்படிப் பளபளத்ததில்லை. மேலே மூடியாக ஒரு சின்னப் பீங்கான் தட்டு. எடுத்துக்கொண்டு அவருடைய இடத்துக்குப் போனேன்.

“அக்கா, அந்தப் பால்...”

“தெரியும் சார்.”

“கோப்பையைப் பார்த்ததும் தெரிஞ்சுதா?”

“அதுக்கு முன்னாடியே. நோட்டீஸ் ஒட்டும்போது நீங்க என் மூஞ்சியப் பாக்கல. தப்பு பண்ணாதவங்க நேராப் பாத்தே ஒட்டுவாங்க.”

“அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் சொல்லல?”

அவர் கையிலிருந்த விண்ணப்பத்தில் விடுபட்ட கையெழுத்து ஒன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். “நான் மீனுக்காகத்தான் சண்டை போட்டேன் சார். உங்களோட இல்ல.”

பிறகு அலுவலகம் மறைமலை நகர்ப் பக்கம் இடம் மாறியது. அக்கா மூன்றாவதாக ஒரு பஸ்ஸைச் சேர்த்துக்கொண்டு போனார். நான் சோம்பேறி, வேலையை விட்டேன். இப்போது சேலையூரில் என் வீட்டில் வெறும் தண்ணீரைச் சூடாக்கக்கூட மேலே ஒரு தட்டை வைக்கிறேன். “தண்ணிக்குக்கூடவா மூடி?” என்று என் மனைவி கேலி செய்கிறாள். செய்யட்டும். அந்தச் சின்னப் பீங்கான் தட்டை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. “மூடி எங்க சார்?” என்று கேட்டுக்கொண்டு ஒருநாள் வருவார் என்று வைத்திருக்கிறேன்.