பத்துக்கு மூன்று வாங்கிய முழங்கால்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் வலது முழங்கால் சம்மதிக்கவில்லை. உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும், நீ மட்டும் கொஞ்சம் குறைவாக இரு. மூட்டுவலி மருந்து ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பை அனுப்பி, "நாலு பேருக்கு உதவும்ணே, போயிட்டு வாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டது நீதானே.

முதல் நாளே கோபம். முப்பத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தைக் கையில் திணித்து, "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க சார், அவ்வளவுதான்" என்றார் ஓர் இளைஞர். கேள்வியை முழுக்கப் படியுங்கள் என்று முப்பத்தாறு வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். உட்கார்ந்து படித்தேன். எனக்குக் கிடைப்பது நிஜ மருந்தாகவும் இருக்கலாம், வெறும் மாவு மாத்திரையாகவும் இருக்கலாம், எது என்று டாக்டருக்கே தெரியாது என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த லாரி ஓட்டுநரிடம் காட்டினேன். "மாவா? எனக்கு யாரும் சொல்லலியே!" என்று எழுந்தவர் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். "ஆளைக் கலைச்சுட்டீங்களே சார்" என்று இளைஞர் என்னை முறைக்கிறார். யார் கலைத்தது? விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்துகிற மாதிரிதானே இது? யாருடைய தாள் என்று தெரிந்தால் கை தானாக இரண்டு மதிப்பெண் கூடப் போடும். இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? நான் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர் வாசலைத் தாண்டிவிட்டார்.

அப்புறம் கேள். முழங்கால் நோயாளிகளுக்கான ஆய்வு மூன்றாவது மாடியில் நடக்கிறது, லிஃப்ட் வேலை செய்யவில்லை. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த மகானுபாவரை ஒருமுறை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு எட்டு மணிக்கு வா என்பார்கள், பதினொன்றரைக்கு ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு புது நர்ஸ், "எந்தக் கால் சார்?" என்று முதலிலிருந்து தொடங்குவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். தினமும் மாலையில் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். நான்கு மாதம் ஒருநாள் விடாமல் எழுதினேன். போன வாரம் டாக்டரம்மா அதைப் புரட்டிவிட்டு, "தினமும் மூணுதான். உங்களுக்கு வலி ரொம்பக் கம்மி சார்" என்று சிரித்தார்.

கூட வந்திருந்த உன் அண்ணி விடுவாளா? "மூணா! செருப்பு மாட்ட என்னைக் கூப்பிடுறார் டாக்டர். படியேறும்போது இவர் போடுற சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைக்குது!"

நான் நிதானமாகத்தான் விளக்கினேன். பத்து என்பது ஒரு பிழைகூட இல்லாத விடைக்கு. தலைமையாசிரியர் மகனுக்கே நான் ஏழுக்கு மேல் போட்டதில்லை. இந்த வலிக்கு எந்த முகாந்திரத்தில் மூன்றுக்கு மேல் போடுவது?

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சார், பத்துன்னா தாங்கவே முடியாத வலின்னு அர்த்தம். இப்போ நீங்க திடீர்னு ஏழு எட்டுன்னு எழுதினா, மருந்து வலியைக் கூட்டிடுச்சுன்னு ஆயிடும். பழசையும் திருத்தக் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. நல்ல மருந்து ஒன்று என் நோட்டால் கெட்ட பெயர் வாங்கினால், அதை நம்பிக் காத்திருக்கிற எத்தனை முழங்கால்களுக்கு நான் பதில் சொல்வது? அளவுகோலைச் சொல்லித்தராமல் பரீட்சை வைத்தது அவர்கள், பெயிலானது நானா? "முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா!" என்று நான் போட்ட சத்தம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். போதும். விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், நாளை தபாலில் சேர்க்கிறேன். ஆய்வு என்று யாராவது உன்னிடம் வாய் திறந்தால் ஓடச் சொல்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உனக்கானதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரம்மாவே போன் செய்தார். நான் கத்திவிட்டு வந்த பிறகு மற்றவர்களையும் விசாரித்தாராம். ஒன்பது பேர் நோட்டைத் தப்பாக நிரப்பியிருக்கிறார்களாம். ஒருவர் வலி குறையக் குறையப் பத்தை நோக்கிப் போயிருக்கிறார். "உங்க மூணுக்கு என்ன அர்த்தம்னு தனியாப் பதிவு பண்ணிட்டேன் சார். புதுசா வர்றவங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தருவீங்களா? மேல அனுமதி வாங்கி எல்லாருக்கும் கொடுக்கலாம்" என்றார். எனக்குக் கிடைத்தது மருந்தா மாவா என்று கேட்டேன். "ஆய்வு முடிஞ்சு தெரிஞ்சதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். நான்கு மாதத்தில் என் கேள்விக்கு வந்த முதல் பதில். விலகல் கடிதத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். யாராவது ஆய்வு பற்றிக் கேட்டால், ஓட வேண்டாம், என்னைக் கூப்பிடச் சொல்.