இதில உங்கட சத்தம் எது?

கலியாண வீட்டில் பதிந்த பாட்டு ஓடிக்கொண்டிருந்த கசற் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு புஷ்பவதி கண்ணை மூடியிருந்தாள். எதிரே, கதிரையின் விளிம்பில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல இருந்தார் அவள் புருசன் சோமசேகரம்.

"பாட்டுக் கேக்குது. ஓகன் கேக்குது. ஜெமீல் தம்பி ட்ரம் அடிக்கிறதும் கேக்குது," என்றாள். "இதில உங்கட சத்தம் எது?"

"அடியில ஓடுது பாரும், டும் டும் எண்டு. அதுதான்."

அவள் மறுபடியும் காதை வைத்தாள். பாவம், அவளில் பிழையில்லை. அந்தச் சின்ன ரேடியோவுக்கு அவ்வளவு கீழே இறங்கிப் பேசத் தெம்பு கிடையாது.

சோமசேகரம் திருகோணமலையில் பேஸ் கிற்றார் வாசிப்பவர். கலியாண வீடு, கோயில் திருவிழா, தேவாலயக் கொண்டாட்டம் என்று யார் கூப்பிட்டாலும் போவார். சண்டைக்காலம். ஊரடங்குக்கு முன் முடிக்க வேண்டும் என்று பாட்டுக்காரர்கள் பறப்பார்கள். அவர்களை இழுத்துப் பிடித்து ஒழுங்காகக் கரைசேர்ப்பது தன்னுடைய நாலு தந்திதான் என்பது அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மேடையில் பெயர் வாசிக்கும்போது, 'மற்றும் குழுவினர்' என்பதற்குள் அவர் அடங்கிப் போவார்.

புஷ்பவதியின் தமையனுக்குத் தம்பலகாமத்தில் அரிசி ஆலை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி அவர் நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புஷ்பவதிக்குப் போக விருப்பம். ஆனால் அவள் நியாயமான மனுசி. கிற்றாரை விற்றுவிட்டு வாருங்கள் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை.

"உங்கட வாசிப்பை ஒருக்காச் செவியால கேட்டால், ஆலைக் கதையே எடுக்கமாட்டன். கேக்காட்டில் போவம். காதில விழாத வேலைக்கு ஏன் இந்தப் பாடு?" என்றாள்.

சோமசேகரம் சம்மதித்தார். இவ்வளவு காலம் வாசித்தவருக்கு, ஒரு மனுசியின் காதில் விழவைப்பது பெரிய காரியமா என்ற எண்ணம். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

முதலில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஜவாஹிரிடம் ஆளுயரப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து கூடத்தில் வைத்து வாசித்தார். அலுமாரிக்குள் இருந்த கோப்பைகளெல்லாம் கலகலத்தன. புஷ்பவதி ஓடிப்போய் அலுமாரியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்பைச் சத்தம் நன்றாகக் கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

அடுத்ததாக ஒரு கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன்னுடைய பெட்டியின் திருகியைக் கடைசி மட்டும் திருப்பிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு ஏறி வந்து, மைக் இரைகிறது, நிற்பாட்டுங்கள் என்று பாட்டுக்காரியோடு சண்டைக்குப் போனார்.

மூன்றாவது யோசனைதான் ஆகத் திறம் என்று சோமசேகரம் நினைத்தார். இருக்கும்போது தெரியாத சாமான் இல்லாதபோதாவது தெரியத்தானே வேண்டும்? இன்னொரு கலியாணத்தில் பாட்டின் நடுவே வாசிப்பதைச் சட்டென்று நிறுத்தினார். பாட்டுக்காரி இரண்டாம் சரணத்தை மறந்தாள். தாளம் தடுமாறியது. சபை முழுவதும் திரும்பி ஜெமீலை முறைத்தது. புஷ்பவதியும் முறைத்தாள்.

"அந்தத் தம்பி இண்டைக்குச் சரியாப் பிழைவிட்டுட்டார் என்ன?" என்று வழியில் கேட்டாள்.

ஜெமீல் கிழமைக்கணக்கில் சோமசேகரத்தோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

இப்படி அவர் மனம் விட்டுப்போயிருந்த நேரத்தில்தான் பாக்கியரத்தினம் வந்தார். தேவாலயத்தில் ஓகன் வாசிப்பவர், கலியாண வீடுகளில் கீபோட்காரர். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் வேலைசெய்த பிரெஞ்சு டாக்குத்தர் ஊருக்குத் திரும்புகிறாராம். பிரியாவிடைத் தேநீருக்கு அவருக்குப் பிடித்த ஜாஸ் பியூஷன் வாசிக்க வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு கசற்றும் கொடுத்திருந்தார்.

"பாடுறது ஆர்?" என்று சோமசேகரம் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப நாங்கள் ஆருக்குப் பின்னால போறது?"

பாக்கியரத்தினத்துக்கும் அது சரியாக விளங்கவில்லை. சேர்ந்தவர்கள் எல்லோரும் அடுத்தவருக்குப் பின்னால் வாசித்தே காலந்தள்ளியவர்கள். ஜெமீல் தாளத்துக்கு. சாக்சபோன் கிடைக்காததால் கோயில் நாதஸ்வரக்காரர் தங்கரத்தினம். பியூஷன் என்றால் கலப்புத்தானே, அது போதும் என்று முடிவு செய்தார்கள். முதல்நாள் ஒத்திகையில் யாராவது தொடங்கட்டும் என்று நாலு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் தேத்தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கசற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழி புலப்பட்டது. நாலு பேர் கூடி இருந்து கதைப்பது போல இருந்தது அந்தச் சங்கீதம். ஒருவர் பேச மற்றவர்கள் ஓம் போடுகிறார்கள். பிறகு அடுத்தவர். இதற்கு ஒரு முடிவிடம் உண்டா, அல்லது அலுத்த இடத்தில் நிற்பாட்டுகிறார்களா என்று அறியச் சோமசேகரத்துக்கு ஆசை கிளம்பியது. இரவல் வாங்கிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் எல்லாரும் ஒதுங்கினார்கள். பேஸ் கிற்றார் மட்டும் தனியே, அவசரமில்லாமல் பேசியது. சோமசேகரம் கசற்றைப் பின்னால் ஓடவிட்டு அந்த இடத்தை மறுபடியும் கேட்டார். எங்கேயோ ஒரு நாட்டில் தன்னைப் போன்றவனுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்!

"நாதஸ்வரம் முடிய எல்லாரும் நிப்பாட்டுவினம். அதுக்குப் பிறகு வாறது நான்தான். வேற ஒருத்தரும் இல்லை," என்று புஷ்பவதிக்குப் படித்துப் படித்துச் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை பின்னேரம், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த மண்டபத்தில் கச்சேரி. ஜவாஹிர் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்வரிசையில் டாக்குத்தரும் அவருடைய ஆட்களும். பின்வரிசையில், கடல் பக்க யன்னலோடு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி புஷ்பவதி.

பாக்கியரத்தினம் தொடங்கினார். ஜெமீல் சேர்ந்தான். தங்கரத்தினம் வாசித்த வாசிப்பில் டாக்குத்தர் வாயைப் பிளந்தபடி இருந்தார். நாதஸ்வரம் இறங்கி வந்து நின்றது. ஒப்புக்கொண்டபடி எல்லாரும் ஒதுங்கினார்கள். பாக்கியரத்தினம் சோமசேகரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

கரண்ட் போனது.

மின்விசிறிகள் ஓய்ந்தன. சோமசேகரத்தின் காலடியில் இருந்த பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவருக்குத் தம்பலகாமத்து ஆலை கண்ணில் வந்து நின்றது. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கப்பட்டு, ஆகக் கீழ்த் தந்தியை ஒருமுறை தொட்டார்.

'தூம்' என்று கடல் பக்கமிருந்து ஒரு முழக்கம் வந்தது.

கடற்படைதான். தண்ணீருக்கடியில் யாரும் நீந்தி வராமலிருக்கத் துறைமுகத்துக்குள் வெடி போடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு இந்த ஊரில் பூனைகூடத் தலை தூக்காது. ஆனால் எப்பேர்ப்பட்ட நேரத்தில் வந்தது! சோமசேகரம் சுதாரித்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி தந்தியைத் தொட்டார். தூம். வெடி வரப்போவது கைக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்தது. தாளம் தப்பும் எத்தனையோ பாட்டுக்காரருக்குப் பின்னால் போன கை அல்லவா, கடற்படைக்குப் பின்னால் போகாதா? எதிர்த்தாளத்தில் ஒன்று. இழுத்து ஒன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. யாரோ ஒரு மாலுமிக்கு இப்படி ஒரு லயமா என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. ஜெமீல் மெல்லச் சேர்ந்துகொண்டான். தங்கரத்தினம் அடங்கிய குரலில் ஊதி முடித்துவைத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

புஷ்பவதி கண்கலங்கி வந்தாள்.

"கேட்டனான். நெஞ்சுக்குள்ள வந்து இடிச்சது. இவ்வளவு நாளும் இதையா அடியில ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? அண்ணனுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லுறன்."

சோமசேகரத்துக்குச் சந்தோஷம் தெருமுனை மட்டும்தான் தாங்கியது. வீட்டுக்கு வந்து அவள் வைத்த தேத்தண்ணீரை அவர் தொடவில்லை. பொய்யை விழுங்கிக்கொண்டு எத்தனை காலம் அவள் முகத்தில் விழிப்பது? சொல்லிவிட்டார். கரண்ட் போனதையும், அவள் கேட்டது கடற்படைக்காரரின் வெடியை என்பதையும்.

அவள் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏசவில்லை. கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, ஆலைக்கு வருகிறோம் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஜவாஹிரின் கடைக்குப் போனார். யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று அவன் கேட்க, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் அந்த மாலுமியைப் புகழ அவர் மறக்கவில்லை. அப்படி ஒரு லயக்காரனை இந்த ஊரில் தான் கண்டதில்லை என்றும், ஆள் யாரென்று தெரிந்தால் ஒருமுறை கும்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

ஜவாஹிர் சுற்றிக்கொண்டிருந்த வயரைக் கீழே வைத்தான்.

"சேகரம் அண்ணன், நேத்து நேவி ஒரு வெடியும் போடல்ல. கரண்ட நம்பேலா எண்டு உங்கட கிற்றார் வயர மட்டும் லொறி பற்றரில ஓடுற பெரிய பெட்டிக்கும் குடுத்து, அதக் கடல் பக்க யன்னலுக்குக் கீழ நான்தான் வெச்சன். நீங்க கேட்டது உங்களத்தான்."