டோனட் பாறை முற்றுகை

வாழ்க ஆர்வோ தக்கினென்! முப்பத்தோராண்டு பார்லோ துறையின் தபால்களைச் சுமந்து, ஏழு நாய்க்கடி கண்டும் புறமுதுகிடாத நெடுங்கால் வேந்தன். ஓய்வுபெற்ற மறுநாளே தபால்பையைத் துறந்து கேமராப்பையைத் தோளேற்றிய தோன்றல். அறுபத்தெட்டு வயதில் முழங்கால்கள் இரண்டைத் தவிர வேறெந்த உறுப்பும் முதுமையை ஒப்புக்கொள்ளாத ஏந்தல். கடற்காகம் எச்சமிட்டும் கழற்றாத கம்பளித்தொப்பி தரித்த மணிமுடியோன். ஓரிகன் கடற்கரையின் பனிமூட்டத்தையும் உப்புக்காற்றையும் மார்பில் ஏற்ற அவன் புகழை இதோ பாடத் தொடங்குகிறேன். ஈரக்காற்றே, என் தொண்டையைக் கொஞ்ச நேரம் சும்மா விடு.

இத்தகைய வீரனுக்கும் ஒரு குறை இருந்தது. எங்கள் ஊர்த் தீயணைப்புத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஒரு காலண்டர் போடுவார்கள். அதில் பதினோராண்டாக அவன் எடுத்த கடற்காட்சி ஒன்று தவறாமல் இடம்பெற்றது, பதினோராண்டும் பிப்ரவரியில். மாதங்களில் குட்டையானது, மழையில் ஊறியது, எப்போது கிழிப்போம் என்று ஊரே காத்திருப்பது! அட்டைப்படமோ நான்காண்டாக ட்ரூடி ஹாஸ்கெட்டின் கோட்டையாகிக் கிடந்தது. அவள் பல் மருத்துவரிடம் நாற்பதாண்டு வேலை பார்த்தவள், ஊரில் பாதிப்பேரின் கடைவாய் இரகசியங்களை அறிந்தவள், ஆதலால் எவரும் வாய்திறந்து எதிர்க்க அஞ்சும் வில்லாளி. அந்த நான்கு அட்டைகளையும் வெட்டி எடுத்துத் தன் சமையலறையில் ஒட்டிவைத்தவள் வேறு யாருமல்ல, தக்கினெனின் மனைவி லெம்பியே. காலைதோறும் காபியோடு அவன் வயிறும் சேர்ந்து எரிந்தது.

இனிப் போர்க்களம் உரைப்பேன். கரையிலிருந்து நூறடி உள்ளே, அலைகள் ஆயிரமாண்டு குடைந்து ஓட்டையிட்ட பெரும்பாறை ஒன்று விண்முட்டி நிற்கிறது. அண்டத்தின் சாளரமெனப் பாடத்தக்க அதனை ஊரார், வடைபோல் நடுவில் துளையுள்ள தின்பண்டத்தின் பெயரால், டோனட் பாறை என்று அழைத்துக் கெடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் மூன்றே நாள், மாலை ஏழு இருபதுக்கு, மறையும் கதிரவன் அந்த ஓட்டைக்குள் வந்து உட்காருவான். ஓட்டை வழியே பாயும் பொற்கதிர் கரைப்பக்கம் கிடக்கும் கருங்கல் ஒன்றின்மேல் மட்டும் விழும். ஓட்டைக்குள் சூரியனைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கல்லில்தான் நிற்க வேண்டும். அடுப்பளவே அகலமுள்ள அக்கல்லில் கேமராவைத் தாங்கும் ஒரு முக்காலிக்கும் ஒரு மனிதனுக்கும் மேல் இடமில்லை. எவன் முக்காலி முதலில் கல்லைத் தொடுகிறதோ அவனே அன்றைய அரசன்; இது எங்கும் எழுதப்படாத சட்டம், மீறினால் மளிகைக்கடையில் ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள்.

அக்கல் கடல் வற்றும் பொழுதில் மட்டுமே தலைகாட்டும். எனவே எங்கள் பக்கத்துப் போர்கள் யாவும் தூண்டில் கடையில் கிடைக்கும் கையடக்கப் புத்தகத்தில் தொடங்குகின்றன. கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்பதை நாள்வாரியாகச் சொல்லும் அப்புத்தகத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. கோடை வந்தால் அரசாங்கம் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளும். புத்தகம் அதைப் பொருட்படுத்தாது. படிப்பவர்தாம் மனத்துக்குள் ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்து நனைந்த சுற்றுலாக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் ஊரின் கோடைகாலக் கேளிக்கை.

இவ்வாண்டு கடை கைமாறியது. புதிய கடைக்காரர் இரக்கமுள்ளவர். ஒரு மணியைத் தாமே கூட்டி அச்சிட்டு, மேலட்டையில் அதைச் சிவப்பு எழுத்தில் சொல்லியும் இருந்தார். முப்பத்தோராண்டு உறைகளின் மேல் எழுதியிருப்பதையே படித்துக் களைத்த தக்கினெனோ, ஓய்வுக்குப் பின் எதன் மேலட்டையையும் படிப்பதில்லை. நேரே செப்டம்பரைப் புரட்டினான். ஐந்து ஐம்பதுக்குக் கடல் வற்றும் என்று கண்டான். அனுபவம் முதிர்ந்த புன்னகையோடு ஒரு மணியைக் கூட்டினான். ஆறு ஐம்பது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு புறப்பட்டான்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து, மழைச்சட்டை பூண்டு, புகையூட்டிய சால்மன் வைத்த சாண்ட்விச்சைக் கட்டுச்சோறாகக் கொண்டு, முக்காலியை வேலென ஏந்திச் சென்ற அவன், ஐந்தரைக்கே கல்லைக் கைப்பற்றினான். ஊன்றினான் முக்காலியை! அதிர்ந்தன நத்தைகள்! ஒடுங்கின நண்டுகள்! அவ்வேளை ஒரு கடற்காகம் பாய்ந்து சாண்ட்விச்சை முழுதாகக் கவர்ந்து சென்றது. அதைப் போர்த்தெய்வத்துக்கிட்ட பலியென்று கொண்டு, பசித்த வயிற்றோடு வீரன் காத்திருந்தான்.

ஆறரைக்கு மணற்கரையில் தோன்றினாள் ட்ரூடி, செந்நிற மழைச்சட்டையும் நீண்ட லென்ஸும் துலங்க. கல்லில் பகைவன் கொடி ஏறியிருப்பதைக் கண்டாள். சட்டத்துக்குத் தலைவணங்கிக் கரையிலேயே தன் முக்காலியை விரித்தாள். ஏழு மணிக்கு நீரைப் பார்த்தாள். இரு கையையும் வாயில் குவித்து அறைகூவினாள்:

"ஆர்வோ! தண்ணி ஏறுது, வந்துரு! இந்த வருஷம் புக்குலயே ஒரு மணி கூட்டித்தான் போட்டிருக்காங்க! நீ மறுபடியும் கூட்டித் தொலைச்சியா?"

அந்தோ! கோட்டைக்குள் இருப்பவனை வெளியே இழுக்கப் பகைவர் செய்யும் சூழ்ச்சிகளில் இதைவிடக் கொடியது உண்டோ? அவள் சொன்னது முழு உண்மை என்பது ஒன்றுதான் அதில் அவன் எதிர்பாராதது. கல்லின்மேல் நிமிர்ந்து நின்று அவன் முழங்கினான்:

"பதினோரு வருஷம் பிப்ரவரி, ட்ரூடி! பதினோரு வருஷம்! உன் பேச்சைக் கேட்டு எறங்கினா நீ வந்து ஏறிக்குவே! இந்தக் கடலை எனக்குத் தெரியும், நீ போய் யார் பல்லையாவது நோண்டு!"

"கல்லை நீயே வச்சுக்க! பூட்ஸுக்குள்ள தண்ணி வந்துருச்சான்னு குனிஞ்சு பாரு, மனுஷா!"

"வரல!"

வந்திருந்தது.

ஏழு இருபது. இதை எப்படிச் சொல்வேன்! பனிமூட்டம் ஒருபுறம் ஒதுங்கியது; கதிரவன் ஓட்டைக்குள் இறங்கினான்; அலைத்தூவானத்தின் ஊடே பொன்னால் வார்த்த தூணொன்று சாய்ந்து வந்து கல்லின்மேல் விழுந்தது. எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. தக்கினென் கண்ணைக் கேமராவில் பொருத்தினான், விரலைப் பொத்தானில் வைத்தான். அதே கணத்தில் பசிபிக் மாகடல், தன் படைகளில் மிகப் பெரிய அலையைத் தேர்ந்து, அவன் இடுப்பில் அறைந்தது. கல் மறைந்தது! கால் தடுமாறியது! ஆயினும் வீரன் முக்காலியைக் கேமராவோடு இரு கையாலும் தலைக்குமேல் தூக்கி, அந்தப் பொன்னொளி முழுதும் தன்மேல் வழிய, மார்பளவு நுரையில் நின்று, வானதிரக் கர்ஜித்தான்: "பிப்ரவரி ஒழிக!" தூக்கிய வேகத்தில் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

கரையில் ட்ரூடி முதலில் ஒரு படம் எடுத்தாள். பிறகுதான் தொடையளவு நீரில் இறங்கி அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இந்த வரிசை சரிதானா என்று ஊரில் இன்னும் இரண்டு கட்சி. வீட்டில் லெம்பி வாசலிலேயே மறித்து, "கடலை அங்கேயே விட்டுட்டு உள்ள வா" என்றாள்.

அக்டோபர் மாதம், தீயணைப்பு நிலையத்தின் பான்கேக் விருந்தில் படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. ட்ரூடியின் படத்தின்முன் தக்கினென் வெகுநேரம் நின்றான். தன்னை எவரும் இப்படிப் பார்த்ததில்லை, தானும் பார்த்ததில்லை. கடலையே ஆயுதமற்றதாக்கி ஒளிநடுவே நிற்கும் அந்த முரடனைக் கண்டு அவனுக்குக் கண் கலங்கியது, அதைப் பான்கேக் புகையென்று சொல்லிச் சமாளித்தான். அட்டைப்படத்துக்கு வாக்கெடுத்தபோது முதலில் உயர்ந்த கை அவனுடையது. இவ்வாறு, ஐந்தாம் முறையாக ட்ரூடி அட்டையை வென்றாள். முதல்முறையாக ஆர்வோ தக்கினென், பார்லோ துறையின் ஒவ்வொரு சமையலறைச் சுவரிலும், முக்காலி ஏந்திய பொன்மேனியனாக ஆண்டு முழுதும் அரசோச்சப் புறப்பட்டான்.

அன்று கை தவறி அவன் எடுத்த படத்தைப் பிப்ரவரிக்குப் போட்டார்கள்.